பாட்டு வேறு, பதிவு வேறு

“ஆளு போயிட்டா, அவன் பேருக்கு நாமதான்…” அப்பா என்னமோ சொல்லி முடிப்பார். அந்த முடிவு காந்தனுக்கு ஞாபகம் வரவில்லை. ஆனால் அந்தச் சூட்டோடுதான் புக்கிட் ரம்பாயில் சேகரனின் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார்.

“என் தம்பி நிவேந்திரன் லாரியில அடிபட்டு செத்து ஒரு மாசம் ஆகல. அதுக்குள்ள அவன் பாட்ட அமுக்கப் பாக்குறியா சேகர்?”

“உக்காருங்கண்ணே.”

“உக்கார வரல. ஒலிப்பதிவுக்கு மட்டும் காப்புரிமை பதியிறியாம். பாட்டுக்கு முடியாதுன்னியாம். அவன் பொண்டாட்டி மலர்க்கொடி ஒரே அழுகை. புருசன் எழுதுன பாட்டு, ஊரே பாடுது லா.”

“பாட்டு வேற, பதிவு வேறண்ணே. பதிவு நான் செஞ்சது. அத மலர்க்கொடி பேருலயே போட்டுடறேன். பாட்டுக்கு, எழுதுனது நிவேந்திரன்தான்னு சத்தியம் பண்ணி கையெழுத்துப் போடணும். என்னால ஆகாது.”

“செத்தவன்கிட்ட திருடுறவனுக்கு சத்தியம் ஒரு கேடா?”

சேகரன் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார்.

உருமிச் சத்தம். அழுகை. நடுவில் ஒரு பெண்குரல்:

“மங்கு நெறையப் பாலெடுத்தேன் மகனே… ஒன் வாய்க்கு ஒரு சொட்டு ஊத்துறேனே…”

அதே மெட்டு. ஆனால் தம்பி பாடியது, ‘சங்கு நெறைய.’

“ஒப்பாரி பாடுறது ஜாசின் பக்கம் எஸ்டேட்ல பெரியநாயகிக்கா. அவங்க மகன் சாவுக்கு நிவேந்திரன் உருமி அடிக்கப் போயிருக்கான். அப்ப போன்ல புடிச்சது. ரப்பர் பால் எடுக்குற மங்கு அவன் கண்டானா? சங்குன்னு பாடிட்டான். அவன் போன்ல இருக்குற பாட்டெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லி மலர்க்கொடிதான் கொடுத்துச்சு. அப்பதான் கேட்டேன்.”

காந்தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மலருக்குத் தெரியுமா?”

“சொல்லல. என்னத் திருடன்னே நெனச்சிக்கட்டும்னு விட்டுட்டேன்.”

“அந்தப் பெரியநாயகியம்மா?”

“இருக்காங்க. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துல இந்தப் பாட்ட போட்டப்ப, பாதி சாப்பாட்டுல எழுந்து போயிட்டாங்களாம். யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலையாம்.”

காந்தன் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தார்.

“யார்கிட்டயும் சொல்லல. நிச்சயமா?”

“நிச்சயம்ண்ணே.”

மறுநாள் காந்தன், பாட்டை எழுதியவர் தன் தம்பி நிவேந்திரன்தான் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார்.