திருப்பி எறிந்த பந்து

அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டியைப் பூட்ட இன்னும் பத்தே நிமிடம். நொரீன் டூலி இன்னும் உண்மையைச் சொன்னபாடில்லை.

அவள் கைப்பைக்குள் ஒரு பழைய சாக்ஸ், சாக்ஸுக்குள் ஒரு பேஸ்பால் பந்து.

பெட்டிக்குள் இருப்பதுதான் அந்தப் பந்து என்று சிகாகோவே நம்பிக்கொண்டிருந்தது.

பெட்டி முழுக்க ஸ்டாசியக்கின் சாமான்கள். பதினாறு வருடம், தொள்ளாயிரத்து நான்கு ஆட்டம். அதில் ஒன்றைக்கூட அவர் தொடங்கிவைத்ததில்லை. வேறு எவனாவது தொடங்கி, அடிவாங்கி, கை ஓய்ந்த பிறகு கூப்பிட்டு நிறுத்துகிற பிட்சர், பந்து வீசுகிறவர், அவர். அவரைக் கூப்பிட்ட தொலைபேசியின் ரிசீவர் இருந்தது. தோளில் ஐஸ் வைத்துக் கட்டிக் கட்டி நைந்துபோன பட்டை இருந்தது. ஆட்டக்காரர் படம் போட்டு விற்கிற அட்டைகளில் அவர் பெயரைத் தப்பாக அச்சடித்த மூன்று இருந்தன. மூன்றிலும் வேறு வேறு தப்பு.

நடுவில், தனியாக, பந்து.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில், அவர் போட்ட பந்தை வெளியூர்க்காரன் ஒருத்தன் வேலிக்கு மேலே தூக்கி அடித்தான். அந்த ஹோம்ரன்னோடு ஜெயிக்க வேண்டிய ஆட்டம் கைவிட்டுப் போனது. பந்து வேலிக்குப் பின்னால் வெயில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நொரீன் கைக்கு வந்தது.

அந்தப் பெஞ்சுக்கு ஒரு சட்டம் உண்டு. வெளியூர்க்காரன் அடித்த ஹோம்ரன் பந்து நமக்கு வேண்டாம். அப்போதே மைதானத்துக்குள் திருப்பி எறிந்துவிட வேண்டும். வைத்துக்கொண்டவன் அப்புறம் அந்தப் பெஞ்சில் நிம்மதியாக உட்கார முடியாது.

நொரீன் எறிந்தாள். டிவியில் காட்டினார்கள். அன்றிலிருந்து பெஞ்சில் அவளுக்கு ஓரத்து இடம் நிரந்தரம். இன்றைக்கு அவளை அழைத்திருந்ததும் அதற்காகத்தான்.

அன்று ஸ்டாசியக் செய்த காரியம் புகைப்படமாகச் சுவரில் தொங்கியது. நாற்பதாயிரம் பேர் ஏசிக்கொண்டிருக்க, பந்து வீசுகிற மேட்டிலிருந்து இறங்கி, பந்து கிடந்த இடம் வரைக்கும் நடந்தே போனார். குனிந்து எடுத்தார். பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டார். திரும்பி வந்து மிச்சமிருந்த இரண்டு பேரையும் அவுட்டாக்கினார்.

அதற்கப்புறம் ஒன்பது வருடம் ஆடினார். ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் பைக்குள் கைவிட்டு அந்தப் பந்தை ஓர் அழுத்து அழுத்திவிட்டுத்தான் மேட்டுக்குப் போவார். தன் தோல்வியைத் தானே சுமந்தவர் என்று பேப்பரில் எழுதினார்கள். நொரீன் ஒருமுறைகூட அதை முழுதாகப் படித்ததில்லை.

ஏனென்றால் அவள் எறிந்தது வேறு பந்து. தேவைப்படும் என்று வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்த ஒன்று. பெஞ்சில் பாதிப் பேர் செய்கிற திருட்டுத்தனம்தான். ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பெட்டிக்குப் பொறுப்பான கெண்டல் என்கிற பெண் வந்து, பந்துக்குக் கீழே பெயர்ச்சீட்டை வைத்தாள். 'அவரை வீழ்த்திய பந்து.' சாவியை எடுத்துவர உள்ளே போனாள்.

விழாவுக்கு வந்திருந்த ஸ்டாசியக் பக்கத்தில் நின்று அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓரத்து இடம் போனால் போகட்டும். ஒரு பொய்யால் இந்த மனிதர் இவ்வளவு காலம் வெந்தது போதும். நொரீன் சாக்ஸை உருவினாள்.

"நான் எறிஞ்சது அது இல்லைங்க. நிஜப் பந்து இதுதான்."

அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஆட்டத்துப் பந்துக்கே உரிய, சேறு தேய்த்த பழுப்பு நிறம். மட்டை பட்ட தடம். விரலைத் தையலில் பொருத்தி, மணிக்கட்டை ஒருமுறை சுண்டினார்.

"நல்லாத்தான் போட்டிருக்கேன். என்ன, கொஞ்சம் உசரமாப் போயிடுச்சு."

கத்துவார் என்று அவள் காத்திருந்தாள். அவரோ பந்தை அவள் பைக்குள்ளேயே போட்டுவிட்டு, வீட்டில் நாய் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பழையது செத்து எத்தனையோ வருடமாயிற்று, இப்போது வேறு ஒன்று இருக்கிறது என்றாள்.

"அப்போ பையில இருக்கிற பந்தை அந்த நாய்க்குக் கொடுத்துடுங்க."

பெட்டிக்குள் கைவிட்டுப் பந்தைத் திருப்பி வைத்தார். இதுவரை அடியில் இருந்த பக்கம் மேலே வந்தது. தோலில் வரிசையாக நான்கு பல் தடம்.

நொரீனுக்கு முகம் சிவந்துவிட்டது. அன்று காலையில் அவசரத்தில் பழைய நாய் கடித்து விளையாடிக் கொல்லைப்பக்கம் கிடந்ததைத்தான் எடுத்துப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

குனிந்து எடுத்தபோதே தெரியும் என்றார் அவர். இதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம், பாவம் எந்தப் புண்ணியவதிக்கோ பெஞ்சில் இடம் போய்விடுமே என்று. பைக்குள் கைவிட்டு அதைத் தொடும்போதெல்லாம் சிரிப்புத்தான் வந்ததாம்.

கெண்டல் சாவியோடு வந்தாள். சீட்டைக் காணோம். அது ஸ்டாசியக்கின் கைக்குள் கசங்கியிருந்தது. வேறு என்ன எழுதுவது என்று அவள் கொஞ்சம் எரிச்சலாகவே கேட்டாள்.

"இந்தப் பந்தை எவனும் அடிச்சதில்லைன்னு எழுதும்மா."