கண்ணை மூடிக்குங்க

"சார், உங்க போன்ல சிக்னல் இருக்கா?" என்று கேட்டாள் வழிகாட்டிப் பெண்.

விற்பனை மேலாளர் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தார். "சுத்தமா இல்லம்மா."

"அப்போ நிஜமாவே காட்டுக்குள்ள வந்துட்டோம்!" என்று சிரித்தாள்.

அவருக்கு எரிச்சலாக வந்தது. இரண்டு விமானங்களுக்கு நடுவே கிடைத்த அரைநாளை விடுதி அறையில் தூங்கிக் கழிக்க நினைத்திருந்தார். 'நகரத்துக்குள் காடு, ஒரு மணி நேர நடை' என்ற விளம்பரத்தைக் காட்டி இழுத்து வந்தவள் மனைவி. காலையிலிருந்து இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

"ஃப்ளைட்டை விட்டா உன்னைத்தான் கேட்பேன்" என்று முணுமுணுத்தார். மனைவி காதிலேயே வாங்கவில்லை.

வழிகாட்டி ஒரு பெரிய மரத்தடியில் நின்றாள். "அக்கா, இந்த மரத்தை எங்கயோ பார்த்த மாதிரி இல்ல?"

"கொஞ்ச நேரம் முன்னாடி இதே மரத்தைத்தானே பார்த்தோம்?"

"சபாஷ்! நல்லா கவனிக்கிறீங்க. இன்னொரு தரம் தொட்டுப் பாருங்க."

மனைவி மரப்பட்டையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அவரும் சும்மா தொட்டார். ஈரமாக, சில்லென்று இருந்தது.

"இப்ப ரெண்டு பேரும் கண்ணை மூடிக்குங்க. தூரத்துல என்ன கேக்குதுன்னு சொல்லுங்க."

வேண்டாவெறுப்பாக மூடினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு இலைகளின் சலசலப்பு, ஏதோ ஒரு குருவி. மனைவியின் விரல்கள் தேடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டன. எத்தனை வருஷமாயிற்று! அப்புறம், எங்கோ வெகு தொலைவில்...

"பஸ் ஹாரன்!" என்றார்.

"எந்தப் பக்கம், சார்?" அவள் குரலில் அத்தனை ஆவல்.

"இதோ, வலது பக்கம்."

"இப்ப கண்ணைத் திறந்து, அந்தச் சத்தத்தை விடாம பிடிச்சுக்கிட்டே நடங்க. நீங்க முன்னால போங்க, நான் பின்னால வர்றேன்."

மனைவியின் கையை விடாமல் சின்னப் பிள்ளையின் குதூகலத்தோடு நடந்தார். வெளிவாசலை அடைந்தபோது ஆளே மாறிப்போயிருந்தார்.

"என் ஆயுசுல இப்படி ஒரு அனுபவம் கிடைச்சதில்லம்மா! அடுத்த மாசம் எங்க ஆபீஸ் ஆளுங்க மொத்தப் பேரையும் கூட்டிட்டு வர்றேன். அதே பாதை, அதே மரம், அதே மாதிரி கண்ணை மூடணும். சரியா?"

வழிகாட்டி நெற்றி வியர்வையைத் துடைத்தபடி அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வேற பாதையில போகலாமே, சார். அந்த மரத்துக்கிட்ட எப்படிப் போய்ச் சேர்ந்தோம்னு எனக்கே தெரியாது. இன்னிக்குத்தான் வேலையில சேர்ந்தேன். ரோடு எந்தப் பக்கம் இருக்குன்னு புரியாமத்தான் உங்களைக் கண்ணை மூடச் சொன்னேன்!"