அடி வாங்கியவர்

மனாவுஸ் நகரக் கூண்டுச் சண்டையில் எவெர்ட்டனை உயிரோடு விடுவதாக இல்லை நான். முந்தின நாள் எடை பார்த்தபோது, "உன்னைத் தூக்கிட்டுப் போக நாலு பேரைக் கூட்டிட்டு வாடா" என்று என் மூக்குக்கு நேராகச் சொன்னவன் அவன்.

"சாகப் போற! சாகப் போற!" அரங்கமே கத்தியது.

மணி அடித்ததும் பாய்ந்தேன். அவன் வலது கை என் தாடையை உரசியது போலிருந்தது. விடுவேனா? அவன் காலைக் கட்டிப் பிடித்துச் சாய்த்தேன். மேலே ஏறி விலாவில் குத்தினேன். முழங்கையால் வாயில் இடித்தேன். ரத்தம் என் கண்ணில் தெறித்தது.

"போதும்ப்பா, முடிஞ்சிருச்சு! விடுப்பா!" எனக்கு அடியிலிருந்து குரல் கெஞ்சியது.

"நேத்துப் பேசின வாய் எங்கடா போச்சு?"

திருப்பி ஒரு அடிகூட அடிக்கவில்லை, பயந்தாங்கொள்ளி. கழுத்தை நெரித்தேன். கூட்டம் ஏனோ சிரித்தது. நாலு பேர் வந்து என்னைப் பிய்த்து எடுத்தார்கள்.

"ஜெயிச்சுட்டேன் மாஸ்டர்!"

பயிற்சியாளர் வல்மீர் என் தாடையில் ஐஸை வைத்து அழுத்தினார்.

"ஜொசியாஸ், அவன் விட்டது ஒரே குத்து. பதினோரு செகண்ட்ல மயங்கி விழுந்துட்ட."

"அப்ப நான் இவ்வளவு நேரம் அடிச்சது?"

கூண்டின் உச்சியில் உட்கார்ந்து எவெர்ட்டன் கூட்டத்துக்கு முத்தம் பறக்கவிட்டுக்கொண்டிருந்தான். வல்மீர் அவனைக் காட்டவில்லை. மூலையில் உதடு கிழிந்து உட்கார்ந்திருந்த நடுவரைக் காட்டினார்.

"மயக்கம் தெளியட்டும்னு உன் காலைத் தூக்கிப் பிடிச்சாருடா, பாவம்!"

முடிவை அறிவிக்க எங்கள் இருவர் கையையும் பிடித்தபடி நடுவில் நின்றார் அவர். உயர்த்தியது எவெர்ட்டனின் கையை. இறுக்கிப் பிடித்திருந்தது என் கையை.