அக்கா பிடுங்கிய மாத்திரை

"குடுக்கா அந்த மாத்திரையை!"

"குடுக்க மாட்டேன்."

திருச்சுழியில் அந்தத் தெருவே வேடிக்கை பார்த்தது. ஐம்பது வயது அமுதவள்ளியும் அவளுடைய அக்கா செல்லக்கிளியும் ஒரு மாத்திரை அட்டைக்காக மல்லுக்கு நின்றார்கள்.

அமுதவள்ளி லேசுப்பட்டவள் இல்லை. சீமைக்கருவேலை வெட்டி, மூட்டம் போட்டு எரித்து, கரியை லாரி லாரியாக வெளியூருக்கு அனுப்புகிறவள். நெருப்புப் பக்கத்திலேயே நின்று பழகிய உடம்பு. ஆனால் மாதவிலக்கு நின்றதிலிருந்து வந்த வெக்கை வேறு மாதிரி இருந்தது.

சும்மா நிற்கும்போதே நெஞ்சிலிருந்து சூடு கிளம்பி முகத்துக்கு ஏறும். சேலை தொப்பலாக நனையும். தூக்கம் கிடையாது. காரணமே இல்லாமல் கோபம் வரும்.

போன வாரம் லோடு ஏற்றும்போது மொக்கையனை அவள் பேசிய பேச்சில், எத்தனையோ வருசமாக அவளிடம் வேலை பார்த்த மனுசன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவர் வீட்டு வாசலுக்கே போய் மன்னிப்புக் கேட்டுக் கூட்டி வந்தாள்.

அதோடு பஸ் ஏறி, அருப்புக்கோட்டைப் பெண் டாக்டரைப் போய்ப் பார்த்தாள். டாக்டர் சோதித்துவிட்டு, நல்லது கெட்டது இரண்டையும் சொல்லி, "ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கலாம். யோசிச்சு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார்.

அமுதவள்ளி யோசித்தாள். முடிவு பண்ணினாள். மாத்திரையையும் வாங்கிவிட்டாள். வாயில் போடப்போகிற நேரத்தில்தான் அக்கா வந்து பிடுங்கிக்கொண்டாள்.

"நம்ம ஆத்தா மாத்திரை போட்டாளா? நான் போட்டேனா? எல்லாருக்கும் வாரதுதான். கொஞ்ச நாளு பல்லைக் கடிச்சுக்கிட்டா போயிரும்."

"பல்லைக் கடிச்சுக் கடிச்சு, இப்ப ஆளுகளைக் கடிக்க ஆரம்பிச்சிட்டேன். என் உடம்பு. நான்தான் முடிவு பண்ணணும்."

"பண்ணு. இந்த மாத்திரை மட்டும் வேண்டாம்."

"ஏன்னு சொல்லு."

செல்லக்கிளி வேடிக்கை பார்க்கிற தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எதிர்வீட்டு முத்துமாரியம்மாள் சத்தமாகவே சொன்னாள். "தங்கச்சி நல்லாருந்தா சில பேருக்குப் பொறுக்காது."

செல்லக்கிளி அட்டையை இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

"சரி, நீயே வச்சுக்க. நான் டவுனுக்குப் போயி டாக்டரம்மாகிட்ட வேற வாங்கிக்கிறேன்" என்று அமுதவள்ளி கிளம்பினாள்.

பஸ் புறப்படும்போது பின்வாசல் வழியாக செல்லக்கிளியும் ஏறினாள். தங்கச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாதி வழியில் அமுதவள்ளிக்கு அந்தச் சூடு கிளம்பியது. முகம் சிவந்து, வேர்த்துக் கொட்டியது. அடுத்த நிமிசம் செல்லக்கிளி கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். ஜன்னலோரம் இருந்த பெரிய மனுசரை, "எந்திரிங்கய்யா, புள்ள வேகுதுல்ல" என்று எழுப்பிவிட்டு, தங்கச்சியைக் காற்றோட்டமாக உட்கார வைத்தாள். முந்தானையால் விசிறினாள்.

"பாசமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மாத்திரையக் குடு" என்றாள் அமுதவள்ளி.

"அது மட்டும் முடியாது."

டாக்டர் அறைக்குள் அமுதவள்ளி வாயைத் திறப்பதற்கு முன்னால் செல்லக்கிளி முந்திக்கொண்டாள்.

"டாக்டரம்மா, குடும்பத்துல யாருக்காச்சும் மார்புல கேன்சர் வந்துருக்கான்னு இவகிட்டக் கேட்டீகளா?"

"கேட்டேனே. திருப்பித் திருப்பிக் கேட்டேன். யாருக்கும் இல்லைன்னு சொன்னாங்க."

"அவ பொய் சொல்லல. அவளுக்குத் தெரியாது." செல்லக்கிளி இடுப்பிலிருந்த அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். "எனக்கு வந்துச்சு. இடது பக்கம் எடுத்தாச்சு. கூடப்பொறந்தவ ஹார்மோன் மாத்திரை போடுறதா இருந்தா, என் நோவைச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் போடணும்னு எனக்கு ஆபரேசன் பண்ணவுக சொல்லிருக்காக."

அமுதவள்ளி அக்காவையே பார்த்தாள்.

டாக்டர் அட்டையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "நல்ல வேளை. இதை இப்ப ஆரம்பிக்க வேண்டாம். அக்காவோட ரிப்போர்ட்டைக் கொண்டு வாங்க. உங்களுக்கும் மார்புக்கு ஸ்கேன் எடுத்துப் பாப்போம். அதுக்காக நீங்க வெந்துக்கிட்டே இருக்கணும்னு இல்லம்மா. ஹார்மோன் இல்லாத மாத்திரையும் இருக்கு, வேக்காட்டைக் குறைக்கும்."

அமுதவள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அதையே எழுதுங்க டாக்டரம்மா. ஸ்கேனு நாளைக்கு நாளான்னைக்கு வேண்டாம், இன்னைக்கே எடுத்துருவோம்."

வெளியே வந்ததும் அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எப்பக்கா இது?"

"உன் மகளுக்குப் பரிசம் போட்ட சமயம். திருப்பூருல மகன் வீட்டுல போயி இருந்தேன்ல."

"பேரனைப் பாத்துக்கப் போறேன்னுதானே சொன்ன? வரும்போது மொட்டைத் தலையோட வந்த. கேட்டதுக்கு, திருச்செந்தூருல நேர்த்திக்கடன்னு சொன்னியேக்கா!"

செல்லக்கிளி சிரித்தாள்.

"பெரியம்மாக்காரிக்கு இந்த நோவுன்னு காதுல விழுந்தா மாப்பிள வீட்டுக்காரவுக பின்வாங்கிருவாக. அதான், மருந்து ஏத்துனதுல முடி கொட்டுன பழியத் தூக்கி முருகன் தலையில போட்டுட்டேன்."