அரை நாள் அனுபவம்

கணினி நெட்வொர்க் பாதுகாப்பு வேலைக்காக பெனிட்டா போன இந்த நேர்காணலும் வழக்கமான இடத்தில்தான் வந்து நின்றது.

"படிப்பெல்லாம் பிரமாதம். ஆனா பத்து வருஷ அனுபவம் வேணுமே," என்றார் மேலாளர். "மூளையில ஏத்திக்கிறீங்களா? ரிட்டயர் ஆன ஒருத்தரோட ஞாபகம் தயாரா இருக்கு. நாளைக்கே சேர்ந்துடலாம்."

பெனிட்டாவின் அக்கா அப்படி ஏற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போனாள். இப்போது பெற்ற மகளையே சில நேரம் யாரோ ஒருவருடைய மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். குழந்தையும் அந்தப் பெயருக்கு "என்னம்மா?" என்று ஓடி வரப் பழகிவிட்டது.

"வேண்டாம் சார். நானே தப்பு பண்ணி, நானே கத்துக்கிறேன்."

"தப்பு பண்றவங்களுக்கு யாருங்க வேலை குடுப்பா?"

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி நடத்திய சேவியர் அண்ணாச்சி கொடுத்தார். அவ்வளவு சின்ன இடத்துக்கு வேறு யாரும் வரத் தயாராக இல்லை.

சேர்ந்த மாதமே ஒருநாள் காலையில் எவனோ நெட்வொர்க்கில் புகுந்து இயந்திரங்களை நிறுத்திவிட்டான். படகுகள் ஐஸுக்காகக் காத்து நின்றன. அண்ணாச்சி வாய்க்கு வந்தபடி திட்டினார். பெனிட்டா அழுகையை அடக்கிக்கொண்டு, அவன் புகுந்த வழியைத் தேடிப் பிடித்து அடைத்தாள். மதியத்துக்குள் இயந்திரங்கள் மறுபடி ஓடத் தொடங்கின.

"இதுக்குத்தாம்மா அனுபவம் உள்ள ஆளு வேணும்னு சொல்லுதாவ," என்றார் அண்ணாச்சி, கோபம் ஆறாமல்.

"இப்ப எனக்கும் இருக்கு அண்ணாச்சி," என்றாள் பெனிட்டா. "அரை நாள்தான். ஆனா முழுக்க என்னோடது."