நலம் விசாரிப்பு

தனக்குத் தானே ஏற்பாடு செய்துகொண்ட பாராட்டு விழா மேடையிலிருந்து விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டார் வட்டச் செயலாளர் மணவாளன். அறுத்துத் தகடு வைத்தார்கள். "தினமும் மடக்கி நீட்டணும் சார், விட்டா அப்படியே இறுகிடும்," என்றாள் பயிற்சி கொடுக்க வந்த ஜெசிந்தா. "தலைவர் நலம் விசாரிக்க வர்றாரும்மா. கட்டோட இருந்தாத்தான் போட்டோ எடுப்பா இருக்கும்," என்று அவளைத் திருப்பி அனுப்பினார். தலைவரின் வருகை மாசக்கணக்கில் தள்ளிப்போனது. வியர்வையில் ஊறிய கட்டு நாறியது. மனைவி கோமதி மூச்சை அடக்கிக்கொண்டு சோறு ஊட்டினாள். "மடக்கித் தொலைங்களேன். ஆயுசுக்கும் நானா ஊட்டறது?"

ஒருவழியாகத் தலைவர் வந்தார். கும்பிடுவதற்காக மணவாளன் கையைத் தாங்கியிருந்த கழுத்துப் பட்டையைக் கழற்றினார். கை மடங்கவுமில்லை, நீளவுமில்லை. உள்ளங்கை மேல்பார்த்து விரிந்து நெஞ்சுக்கு முன்னால் அப்படியே நின்றது. கோமதி உரித்துக் கொடுத்த ஆரஞ்சைத் தின்ற தலைவர், கொட்டையைத் துப்ப இடம் தேடினார். எதிரே இருந்த கையில் துப்பினார். எச்சில் விரலிடுக்கில் வழிந்தது. கோமதி துடைக்கத் துணியை எடுத்தாள்.

"அப்படியே இருங்கண்ணே," என்றான் போட்டோக்காரன்.

மணவாளன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "தலைவருக்கு இன்னும் ரெண்டு சுளை குடு கோமதி."