அம்மனுக்கு மூட்டு வலி

ஒரு ஊர்ல ஒரு அம்மன் இருந்துச்சாம். அந்த அம்மனுக்கு மூட்டு வலியாம்.

திண்டுக்கல் பக்கம், அகரத்துக்குப் பக்கத்து ஊர்தான். அம்மன் இறங்குவது சாமியாடி ராமர் மேல். அம்பது வயசு முழங்காலை வைத்துக்கொண்டு திருவிழா ஒன்பது நாளும் ஆட வேண்டுமே! விரத வயிற்றில் வலி மாத்திரையாகப் போட்டுப் போட்டு ஆடினார்.

ஏழாம் நாள் மத்தியானம், ஆட எழுந்தவர் குபுக்கென்று ரத்தமாக வாந்தி எடுத்தார்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"ஆத்தா பலி கேக்குறா!"

"பலியும் இல்ல, கிலியும் இல்ல! மாத்திரை தின்னு தின்னு வயிறு புண்ணாப் போச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கப்பா!" என்று ஓடி வந்தாள் அவர் மனைவி ஜக்கம்மாள். கோயில் பக்கமே எட்டிப் பார்க்காதவள்.

பூசாரி ஆண்டிச்சாமி, பேசிக்கொண்டிருந்த போனை மடியில் செருகிவிட்டு, குறுக்கே வந்து நின்றார்.

"காப்புக் கட்டுனவன் ஊரு எல்லை தாண்டக்கூடாது. தெரியாதா ஒனக்கு?"

"மாமா, ஆளு செத்துக்கிட்டு இருக்காரு!"

"அதுக்கு? அம்மன் உத்தரவு வேணும்ல."

"அம்மன் யாரு மேல எறங்கும்?"

"ராமர் மேல."

எல்லோரும் ராமரைப் பார்த்தார்கள். ராமர் இரண்டாவது தடவையாக வாந்தி எடுத்தார்.

ஊர்ப் பெரியவர் மணிமாறன் குனிந்து ராமர் காதில் கேட்டார். "தாயி, ஆஸ்பத்திரிக்குப் போக உத்தரவு குடுக்குறியா?"

ராமருக்குக் கண் பாதி செருகியது.

"அம்மன் யோசிக்குது" என்றார் கூட்டத்தைப் பார்த்து.

யாரும் கை வைக்கத் துணியவில்லை. போன வருசம் காப்போடு வத்தலக்குண்டுக்குச் சினிமா பார்க்கப் போன முகேஷ்குமார் தலையில்தான், மழை பெய்யாத பழி இன்னமும் கிடந்தது.

மணிமாறனே ஒரு வழி சொன்னார். "டாக்டரு வாய் வழியா குழாய்தான விடப் போறாரு? எல்லைக்கு அந்தப் பக்கம் அவரு நிக்கட்டும். இந்தப் பக்கம் ராமர் படுக்கட்டும். குழாயை மட்டும் விடச் சொல்லுங்க."

"எம்புட்டு நீளம் இருக்கும் அது?"

"எல்லை ரோட்டு அகலம் இருந்தாப் போதும்ல?"

குழாயின் நீளம் பற்றி ஊர் இருபது நிமிசம் பேசியது. கயிறு எடுத்து வந்து அளந்தும் பார்த்தார்கள்.

ஜக்கம்மாள் பூசாரியின் துண்டைப் பிடித்து உலுக்கினாள். "நீங்கள்லாம் மனுசன்தானா?"

"எங்கிட்ட ஏன் கத்துற? அவகிட்டக் கேளு!"

கையிலிருந்த வேப்பிலைக் கொத்தை அவள் கையில் திணித்துவிட்டு, ஆண்டிச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜக்கம்மாள் வேப்பிலையைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள். மறுபடி வேப்பிலையைப் பார்த்தாள்.

அப்புறம் கொண்டையை அவிழ்த்தாள்.

"ஏலேய்ய்!"

அவள் ஆடிய ஆட்டத்தில் கூட்டம் இரண்டடி பின்னால் போனது. பொம்பளைகள் குலவை போட்டார்கள்.

"எல்லை போட்டது யாருலே?"

"நீதான் தாயி!"

"இன்னிக்குத் திண்டுக்கல் வரைக்கும் என் எல்லைதான்லே! தூக்குங்கலே எம் பிள்ளைய!"

மணிமாறன் கைகூப்பிக் கேட்டார். "தாயி... பெரியாஸ்பத்திரிக்கா, பிரைவேட்டுக்கா?"

"எங்க குழாய் இருக்கோ அங்கலே!"

சொல்லி வாய் மூடவில்லை, 108 வண்டி வந்து நின்றது. ஊரே தரையில் விழுந்து கும்பிட்டது. ஒருத்தர் வண்டிக்கு முன்னால் தேங்காய் உடைத்தார்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் புவனேஸ்வரி வெளியே வந்தார்.

"வயித்துல புண்ணு. நடுவுல ஒரு ரத்தக்குழாய் வாயைத் தெறந்து பீச்சிக்கிட்டு இருந்துச்சு. எண்டோஸ்கோப்பி குழாய் வழியாவே ஊசி போட்டு, ரெண்டு கிளிப்பும் மாட்டியாச்சு. ரத்தம் நின்னுருச்சு."

ஜக்கம்மாள் அவிழ்ந்த கொண்டையை அள்ளி முடிந்தாள்.

"கிளிப்பு இரும்புங்களா?" என்றார் கூடவே வந்திருந்த ஆண்டிச்சாமி. "காப்புக் கட்டுன ஒடம்பு, அதான்..."

"கொஞ்ச நாள்ல தானா விழுந்துரும்யா."

"எந்தப் பக்கமா?"

"எல்லாம் போற பக்கமாத்தான்" என்றார் டாக்டர். "இன்னும் செத்த நேரம் ஆகியிருந்தா எங்க கையில இல்ல. இனிமே அந்த வலி மாத்திரையைக் கண்ணாலகூடப் பாக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

வார்டில், கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்க, ராமர் மெதுவாகக் கண் திறந்தார்.

"ஜக்கு... நீ ஆடுனதை அரைக்கண்ணுல பாத்தேன்."

அவள் தலை குனிந்துகொண்டாள்.

"வலது காலைத் தூக்கிட்ட. நம்ம அம்மன் எப்பவும் இடது காலுதான்."

சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

ஜக்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பூசாரி பக்கம் திரும்பினாள்.

"ஊருகிட்டப் போய்ச் சொல்லுங்க. எனக்கு அருளும் வரல, ஒண்ணும் வரல. அம்புட்டும் பொய். ஆளைச் சாகக் குடுக்கப் பாத்த உங்க மூஞ்சில முழிக்கவே புடிக்கல எனக்கு. போயிருங்க."

ஆண்டிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். திரும்பிப் பார்க்காமல், வாசலைப் பார்த்து நடந்துகொண்டே சொன்னார்:

"பூசாரி சொன்னா ஊரு எல்லையைத் தெறக்காதுத்தா, அம்மன்தான் சொல்லணும். வண்டிக்குப் போன் போட்டு, குலவை கேட்டா வாப்பான்னும் சொல்லி, வேப்பிலையையும் ஒங்கையில குடுத்துட்டு நிக்கிறேன். ஆடுறதுக்கு இம்புட்டு நேரமா? அந்த டிரைவர் பால் டிப்போ முக்குல அஞ்சு நிமிசமா நின்னான், பாவம்!"